ஆர்டிஇ 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்த்தால், வசதியான பிள்ளைகளுக்கு நடுவில் என் மகனை ஒதுக்கி வைப்பார்களா?

சேருங்கள். ஆனால் உங்கள் பயம் வீண் பயம் இல்லை. நீங்களும் எங்களைப் போல மாதக் கடைசியில் சில்லறை எண்ணுகிற குடும்பம்தான் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஆர்டிஇ என்பது கல்வி உரிமைச் சட்டம்; அதன்படி தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை ஏழை, பின்தங்கிய குடும்பப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு கொடுக்கும். என் மகள் 2014-ல் இந்த ஒதுக்கீட்டில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்ந்தாள். ஈரோட்டில் நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன், அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எம்பிசி சாதிச் சான்றிதழ் வைத்து விண்ணப்பித்தோம். குலுக்கலில் அவள் பெயரை வாசித்தபோது பள்ளி வராந்தாவிலேயே அழுதுவிட்டேன்.

முதல் சில வருடங்கள் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் உட்காருகிற பிள்ளை காரில் வருகிறதா நடந்து வருகிறதா என்று நாலு வயதுக்கு என்ன தெரியும்? மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பித்தது. பள்ளிக்கு அரசு தர வேண்டிய கட்டணம் தாமதமாகியிருந்தது. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வகுப்புக்குள் வந்து, "ஆர்டிஇ பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றிருக்கிறார். நாலு பேர் நின்றிருக்கிறார்கள். சாயங்காலம் வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, ஆர்டிஇன்னா என்ன? எனக்கு ஏதாவது நோயா?" என்று கேட்டாள்.

அவள் அப்பா, "விடு, ஓசியில படிக்க வைக்கிறோம், வாயைத் திறக்காதே" என்றார். அந்த ஓசி என்ற வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஒரு வக்கீல் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 12. இந்தப் பிள்ளைகளை வகுப்பில் தனியாகப் பிரிக்கக் கூடாது, புத்தகம், சீருடை, நூலகம், விளையாட்டு எதிலும் வேறுபாடு காட்டக் கூடாது என்று மத்திய அரசின் மாதிரி விதியிலேயே இருக்கிறது. மறுநாள் அந்தத் தாளோடு தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். "பணம் தர வேண்டியது அரசு, கேட்க வேண்டியது நீங்கள். எட்டு வயசுப் பிள்ளை எதுக்கு எழுந்து நிற்கணும் சார்?" என்று மட்டும் கேட்டேன். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வகுப்பில் யாரையும் அப்படிக் கூப்பிடவில்லை.

அரசுப் பள்ளி இருக்கும்போது தனியாருக்கு ஏன் வரிப்பணம் என்று கேட்பவர்கள் வருவார்கள். நியாயமான கேள்விதான், நான் அரசுப் பள்ளிக்கு எதிரி இல்லை. ஆனால் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் லோடுமேன் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேறு எந்த ஏற்பாடு எங்கள் ஊரில் இருக்கிறது? அதைச் சொல்லிவிட்டு என்னைத் திட்டுங்கள்.

     

அரசு தருவது கல்விக் கட்டணம்தான். எங்களிடம் புத்தகம், சீருடை, வேன் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். எதற்கு எவ்வளவு கேட்பார்கள் என்று சேரும் அன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2012-ல் உச்ச நீதிமன்றம் விலக்கு கொடுத்துவிட்டது, அங்கே போய் அலையாதீர்கள். 2025-ல் நடந்ததையும் மறக்க வேண்டாம். பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, ஆர்டிஇ கட்டணத்துக்கான பணமும் அடங்கிய சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வி நிதியை மத்திய அரசு நிறுத்தி வைக்க, வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் சேர்க்கை அந்த வருடம் அக்டோபருக்குப் போய்விட்டது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே சண்டை வேண்டாம். நடுவில் மாட்டியது எல்கேஜி பிள்ளைகள்.

முக்கியமாக, இந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம். எங்களால் முடியவில்லை, 2024-ல் அரசு மகளிர் பள்ளிக்கு மாற்றினோம். இந்த ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பெண்ணாக இருந்தால் கல்லூரியில் படிக்கும்போது தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இது எனக்கே மாற்றிய பிறகுதான் தெரிந்தது, அதனால்தான் சொல்கிறேன். ஆர்டிஇ சேர்க்கைக் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள், அப்போது கேட்பார்கள். என்னுடையது பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது.