பரமபத சுடோகு: ஏணியையும் பாம்பையும் நீளமாக்குங்கள்

நண்பரே, சுடோகுக் கட்டத்தில் (ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் 3×3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறை வரும் புதிர்) பரமபதம் போல ஏணியும் பாம்பும் வரைந்து, ஏணியின் அடி எண் உச்சி எண்ணைவிடச் சிறியது, பாம்பின் தலை வாலைவிடப் பெரியது என்று விதி வைத்தும் 28 எண்களை முதலிலேயே நிரப்பிக் கொடுத்தால்தான் ஒரே விடை வருகிறது என்கிறீர்கள். விதி பலவீனமாக இருப்பதுதான் காரணம். தூரத்தில் இருக்கும் இரண்டு கட்டங்களில் எது பெரியது என்று மட்டும் சொன்னால் அடியில் 9 வராது, உச்சியில் 1 வராது, அவ்வளவுதான் தெரியும்.

ஏணியை நடுவில் உள்ள கட்டங்கள் வழியாகவே வரைந்து, ஏற ஏற எண்ணும் கூட வேண்டும் என்று வையுங்கள். ஆறு கட்ட ஏணி என்றால் அடியில் 1 முதல் 4, உச்சியில் 6 முதல் 9, எந்தப் படியிலும் நான்கு வாய்ப்புக்கு மேல் இல்லை.

பாம்புக்கு வேறு குணம் கொடுங்கள். அதன் உடலில் அடுத்தடுத்த எண்களுக்குள் குறைந்தது 5 வித்தியாசம் இருக்கட்டும். உடனே பாம்பின் மேல் 5 வரவே முடியாது, சிறிய எண்ணும் பெரிய எண்ணும் மாறி மாறி நெளியும். ஒரே நெடுவரிசையில் எட்டுக் கட்ட நீளத்துக்குப் படுக்க வைத்துப் பாருங்கள், 4 9 3 8 2 7 1 6 அல்லது அதன் தலைகீழ், இந்த இரண்டே வழிதான், மிச்சக் கட்டத்தில் 5. தீர்ப்பவருக்கு இதைவிட நல்ல நுழைவாசல் கிடைக்காது!

அப்புறம், எண்களைக் கடைசியில் சேருங்கள். முதலில் வெற்றுக் கட்டத்தில் இந்தப் பாம்பையும் இரண்டு ஏணிகளையும் வைத்துக் கையாலேயே தீர்த்துப் பார்த்து, எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் ஓர் எண்ணைப் போடுங்கள்.