எது எதெல்லாம் பின்னும்? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

குவாண்டம் பின்னல் என்றாலே தற்சுழற்சியைத்தான் சொல்கிறார்கள். வேறு எதுவும் பின்னாதா சார்? (பி.எஸ்சி. மாணவி, ராயபுரம்)

பின்னும். இரண்டு துகள்களைத் தனித்தனியாக விவரிக்க முடியாமல், அளக்கும்போது ஒன்றின் விடை மற்றதன் விடையோடு பொருந்தி வருவதுதான் பின்னல். எலக்ட்ரான் போன்ற துகளுக்கு உள்ளேயே அமைந்த சுழற்சிப் பண்புதான் தற்சுழற்சி (spin); அதற்கு மேல், கீழ் என்று இரண்டே விடை. கரும்பலகையில் எழுதச் சுலபம், அதனால்தான் அதற்கு இவ்வளவு மவுசு. 1935இல் ஐன்ஸ்டைன், போடோல்ஸ்கி, ரோசன் மூவரும் இந்தப் பேச்சைத் தொடங்கியதே இருப்பிடத்தையும் உந்தத்தையும் வைத்துத்தான். தற்சுழற்சிக்கு மாற்றிச் சொன்னவர் டேவிட் போம், 1951இல். ஆய்வகத்தில் ஃபோட்டான் எனும் ஒளித்துகளின் தளவிளைவுதான் (ஒளியலை அதிரும் திசை) செல்லப்பிள்ளை. ஃபோட்டான் எந்த நேரத்தில் கிளம்பியது, எந்தப் பாதையில் போனது, அதன் அலைமுகம் திருகாணி மரைபோல் எத்தனை முறுக்கு முறுக்கியிருக்கிறது, இவையும் பின்னும்.

அப்படியானால் நிறை, மின்னூட்டம்? (தண்டையார்பேட்டை)

எல்லா எலக்ட்ரானுக்கும் அவை ஒன்றேதான். இரண்டு விடைக்கு வாய்ப்பிருந்தால்தானே பின்ன முடியும்?

ஸ்ட்ரைக்கர் பட்டுச் சிதறும் இரண்டு கேரம் காய்னும் பின்னியவைதானே? (வியாசர்பாடி)

நல்ல கேள்வி, கேரம் ஊர்க்காரர் கேட்கவேண்டியதும்கூட. ஒரு காய்ன் போன வேகமும் திசையும் தெரிந்தால் மற்றதைக் கணக்குப் போட்டுவிடலாம், உண்மை. ஆனால் நாம் பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு காய்னுக்கும் தன் திசை உண்டு. பின்னிய துகள்களில் மொத்த உந்தம் மட்டுமே நிச்சயம். தனித்தனியே எதற்கும் முன்கூட்டி ஒரு மதிப்பு எழுதிவைக்கப்படவில்லை. 'எழுதியிருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை' என்று வாதாடுவோருக்கு ஜான் பெல் 1964இல் ஒரு கணக்கு வைத்தார்: அப்படி எழுதிவைத்து, தூரத்தில் இருப்பது உடனே பாதிக்காது என்றும் சொன்னால், இரண்டு துகள்களின் விடைகளுக்கு இடையிலான பொருத்தம் ஓர் அளவைத் தாண்டக்கூடாது. சோதனையில் தாண்டிவிட்டது. அந்த வேலைக்காகத்தான் கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022 நோபல்.

ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள பொருளும் பின்னும். 2021இல் இரண்டு குட்டி அலுமினிய மத்தளங்களின் அதிர்வைப் பின்னிக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1 லட்சம் கோடி அணுக்கள். காய்ன் அளவுக்கு வர இன்னும் எவ்வளவோ தூரம்.

இதை வைத்துக் கடலிலிருந்து கரைக்குச் சட்டென்று சேதி சொல்லலாமா? (காசிமேடு)

முடியாது. இரு பக்கமும் வருவது பூவா தலையா மாதிரி தற்செயல் விடைதான். பொருத்தம் தெரிய இருவரும் வயர்லெஸ்ஸில் பேசி ஒப்பிட்டே ஆகவேண்டும்.

ஒன்றின் தளவிளைவை இன்னொன்றின் வேறு பண்போடு பின்னலாமா? (பெரம்பூர்)

தாராளமாக. 2004இல் ஒற்றைக் காட்மியம் அயனியின் உள்நிலையை, அது உமிழ்ந்த ஃபோட்டானின் தளவிளைவோடு பின்னினார்கள். பண்பின் பெயர் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மறுவருடம் ஒரே ஃபோட்டான் ஜோடியைத் தளவிளைவு, முறுக்கு, நேரம்-ஆற்றல் என எல்லாவற்றிலும் ஒருசேரப் பின்னிவிட்டார்கள்.