போருக்கு முன் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தது ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக் நகரில் பிரிட்டன், பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளின் தலைவர்கள் ஹிட்லருடன் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் சூடட்டன்லாந்துப் பகுதியை ஜெர்மனிக்கு அளிக்க உடன்பட்டார்கள். அது குறித்துப் புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பணி நிறைவு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் ஒரு கோழை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் உண்டா, ஐயா? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

உண்டு. 69 வயதில், பதினைந்தே நாள்களுக்குள் மூன்று முறை ஜெர்மனிக்கு விமானத்தில் பறந்தவரைக் கோழை என்று ஒதுக்கிவிட்டால் நாம் எதையும் புரிந்துகொள்ளப் போவதில்லை. நம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே, 1914–18 போரில் பிரான்சுக்காக மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறதல்லவா? அது திறக்கப்பட்டதும் அதே 1938-இல்தான். அப்போரில் பிரான்சு மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்ததால், இன்னொரு போர் என்ற பேச்சையே மக்கள் கேட்க விரும்பவில்லை. அடுத்த போரில் குண்டுகள் நேரே நகரங்களின் மீது விழும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. அந்தச் செப்டம்பரில் பிரிட்டனில் சுமார் 3.8 கோடி நச்சுவாயு முகமூடிகள் வழங்கப்பட்டன என்பதையும், லண்டன் பூங்காக்களில் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன என்பதையும் நினைத்துப் பார்த்தால், உடன்படிக்கையுடன் திரும்பிய தலைவரை மக்கள் ஆரவாரித்து வரவேற்றதில் வியப்பில்லை.

கேள்வி: அடுத்த நாட்டின் நிலத்தைக் கொடுக்க இவர்கள் யார்? (ஆசிரியை, கடலூர் மஞ்சக்குப்பம்)

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே" என்ற கதைதான். செக்கோஸ்லோவாக்கியாவுடன் தற்காப்பு ஒப்பந்தம் செய்திருந்த பிரான்சே கையெழுத்திட்டது என்பது கூடுதல் கொடுமை. செக் பிரதிநிதிகள் இருவர் மியூனிக்குக்கு வந்திருந்தும் அவர்கள் பேச்சுவார்த்தை அறைக்குள் அழைக்கப்படவில்லை. ஜெர்மானியக் காவலுடன் விடுதியில் காத்திருந்தார்கள். நள்ளிரவு கடந்து அவர்களை அழைத்து முடிவைத் தெரிவித்தபோது சேம்பர்லின் தொடர்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததாக அவர்களுள் ஒருவரான ஹூபர்ட் மசரீக் பதிவு செய்திருக்கிறார். களைப்பாக இருந்திருக்கலாம். ஆயினும் நிலத்தை இழந்தவர் கண்ணில் அந்தக் கொட்டாவி எப்படிப் பட்டிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஹிட்லர் எதுவரை போவார் என்று முன்பே தெரியவில்லையா? (வாசகர், முத்தியால்பேட்டை)

என் பார்வையில் இதுவே மையமான கேள்வி. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் ஒப்பந்தம் அந்நாட்டுக்கு அநீதி இழைத்தது என்ற எண்ணம் லண்டனிலேயே பரவலாக இருந்தது. படை வைக்கக் கூடாதென்று அந்த ஒப்பந்தம் தடுத்திருந்த மேற்கு ஜெர்மனிப் பகுதியான ரைன்லாந்துக்குள் 1936-இல் ஜெர்மானியப் படை நுழைந்தபோதும், 1938 மார்ச்சில் ஆஸ்திரியா விழுங்கப்பட்டபோதும், ஜெர்மானியர் வாழும் மண்ணைத்தானே ஹிட்லர் கேட்கிறார் என்று பலர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். சூடட்டன்லாந்திலும் சுமார் 30 லட்சம் ஜெர்மானியர் இருந்தார்கள். ஆகவே சேம்பர்லின் ஹிட்லரை மனக்குறை உள்ள மனிதராக, அக்குறை தீர்ந்தால் அமைதியடைபவராகக் கருதினார்.

அது தவறு என்று காட்டிய தருணம் மியூனிக்குக்கு முன்பே வந்துவிட்டது. செப்டம்பர் 15-இல் ஜெர்மனியின் பெர்க்டெஸ்காடனில் சூடட்டன்லாந்தை ஹிட்லர் கேட்டதற்குப் பிரான்சையும் செக் அரசையும் வருத்தி இணங்க வைத்துவிட்டு, ஒரே வாரத்தில் சேம்பர்லின் மீண்டும் ஜெர்மனிக்கு, கோடஸ்பெர்க் என்ற ஊருக்குச் சென்றார். கேட்டது கிடைத்துவிட்டதென்று சொன்னதும் ஹிட்லர் இனி அது போதாது என்றார். உடனே படையுடன் நுழைய வேண்டும் என்றார். கோரிக்கை நிறைவேறியதும் கோரிக்கையை உயர்த்துபவர் தேடுவது தீர்வு அன்று என்பதை அன்றே உணர்ந்திருக்க வேண்டும். 1939 மார்ச் 15-இல் ஜெர்மானியப் படை செக் தலைநகர் பிராகுக்குள் நுழைந்த பிறகுதான் லண்டன் விழித்தது.

கேள்வி: ஆயுதம் சேர்க்க அவகாசம் பெறவே அப்படிச் செய்தார் என்கிறார்களே? (ஓய்வுபெற்ற ஊழியர், நெல்லித்தோப்பு)

பாதி உண்மை. 1938-இல் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் அப்போதுதான் படையில் சேரத் தொடங்கியிருந்தன. 1940-இல் பிரிட்டனைக் காத்தவை அவையும் ஹரிகேன் விமானங்களும் ரேடார் நிலையங்களும்தான். ஆனால் அவகாசம் எதிரிக்கும் கிடைத்தது. செக் எல்லை அரண்களும் ஸ்கோடா ஆயுத ஆலையும் ஜெர்மனியின் கைக்குப் போயின. செக் நாட்டில் செய்யப்பட்ட டாங்கிகளே 1940-இல் பிரான்சுக்குள் உருண்டன. அவகாசத்தையே கருதியிருந்தால், சேம்பர்லின், இரு நாடுகளும் இனிப் போரிடா என்று ஹிட்லர் கையெழுத்திட்ட தாளை விமான நிலையத்தில் அத்தனை நம்பிக்கையுடன் உயர்த்திக் காட்டியிருக்க மாட்டார்.

கேள்வி: அப்போது இந்தியாவில் யாரேனும் எதிர்த்தார்களா? (மாணவர், காலாப்பட்டு)

நேரு எதிர்த்தார். அந்தக் கோடையில் பிராகுக்கே சென்று வந்தவர் அவர்.

கேள்வி: அப்படியானால் சர்வாதிகாரியுடன் பேசவே கூடாதா? (வழக்கறிஞர், கடலூர்)

அப்படி முடிவு கட்டியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். மியூனிக்கை எதிர்த்த பிரிட்டிஷ் தலைவர்களுள் ஒருவரான ஈடன், பின்னாளில் பிரதமராகி, 1956-இல் எகிப்திய அதிபர் நாசரை இன்னொரு சர்வாதிகாரியாகவே கண்டு சூயஸ் கால்வாய்ப் பகுதியில் படையிறக்கி, அமெரிக்க நெருக்கடியால் பின்வாங்கிப் பதவியையும் இழந்தார். 1962-இல், சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் வைக்கப்பட்டதால் எழுந்த நெருக்கடியின்போது அமெரிக்க விமானப்படைத் தளபதி லெமே, உடனே தாக்காமல் இருப்பது மியூனிக்குக்கு நிகரானது என்று அமெரிக்க அதிபர் கென்னடியின் முகத்துக்கு நேரே சொன்னார். கென்னடி கடல் முற்றுகையுடன் நிறுத்திக்கொண்டு பேசினார்; துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்ற இரகசியமாக ஒப்புக்கொண்டார்; சோவியத் ஏவுகணைகளும் கியூபாவை விட்டு வெளியேறின. ஹிட்லரைப் போல், சோவியத் தலைவர் குருஷ்சேவ் அதன்பின் கோரிக்கையை உயர்த்தவில்லை.