இரவில் கால்வலி, காலையில் ஓட்டம்: இது வளர்ச்சி வலியா?

கேள்வி: என் 6 வயது மகன் வாரத்தில் இரண்டு இரவுகளாவது கால் வலிக்கிறது என்று அழுதபடி எழுந்துவிடுகிறான். காலையில் வழக்கம்போல ஓடி விளையாடுகிறான். இது வளர்ச்சி வலிதானா? எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு ஆறுதல் தருவது அந்தக் காலை ஓட்டம்தான். சுமார் 3 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரும் வளர்ச்சி வலி, மாலையிலோ இரவிலோ தொடங்கி, சில நிமிடங்கள் முதல் ஓரிரு மணி நேரம் வரை நீடித்து, விடிவதற்குள் சுவடின்றி மறைந்துவிடும். பெரும்பாலும் இரண்டு கால்களிலும், கெண்டைக்கால், தொடை, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களில் வலிக்கும். பெயர் அப்படி இருந்தாலும், எலும்பு வளர்வதால்தான் இது வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. வலி மட்டும் உண்மையானது. பகலில் நன்றாக இருப்பவன் இரவில் பாசாங்கு செய்கிறான் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை வலிக்கும்போது கால்களை மெல்லப் பிடித்துவிட்டுப் பாருங்கள். வளர்ச்சி வலி உள்ள பிள்ளை இன்னும் பிடித்துவிடச் சொல்லும். மூட்டிலோ எலும்பிலோ நோயுள்ள பிள்ளை பெரும்பாலும் அந்த இடத்தைத் தொடவே விடாது. இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது என்றாலும், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி இது.

எப்போதும் ஒரே காலில் வலிப்பது, காலையிலும் வலியோ விறைப்போ இருப்பது, நொண்டி நடப்பது, மூட்டு வீங்கிச் சிவப்பது, காய்ச்சல், எடை குறைதல், அடிபடாமலேயே உடலில் கன்றிய தடங்கள் தோன்றுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அதை வளர்ச்சி வலி என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. மூட்டழற்சியும், அரிதாக இரத்தப் புற்றுநோயும் இப்படித் தொடங்குவதுண்டு. இடுப்பு மூட்டின் கோளாறு முழங்கால் வலியாகவே உணரப்படுவதும் உண்டு என்பதால், முழங்கால் வலிக்கிறது என்று வரும் பிள்ளையின் இடுப்பையும் அசைத்துப் பார்ப்பது எங்கள் கடமை.

உங்கள் மகனை ஒருமுறை குழந்தைகள் நல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். பரிசோதனையில் எல்லாம் இயல்பாக இருந்தால் எக்ஸ்ரேயோ இரத்தப் பரிசோதனையோ தேவைப்படாது. இரவில் கால்களைப் பிடித்துவிடுவதும் இளஞ்சூட்டு ஒத்தடமும் பெரும்பாலும் போதும். வலி கடுமையாக இருந்தால், எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்காதீர்கள். அது பிள்ளைகளுக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோய்க்குறியை உண்டாக்கக்கூடும்.