எழுதத்தான் வேண்டும்

கேள்வி: சென்ற இதழில் மாதவிலக்கு உள்ளாடை பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. எங்கள் பாட்டியும் அம்மாவும் பழந்துணியை வைத்தே காலம் தள்ளவில்லையா? கம்பெனிக்காரர்கள் சரக்கை விற்கக் கிளப்பிவிட்ட தேவை இது. குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எழுதத்தான் வேண்டும். எழுதவும் பேசவும் கூசியதால் என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி.

1896-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன், ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடும் நாப்கினை ‘லிஸ்டர்ஸ் டவல்ஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. அதை விளம்பரம் செய்வதே அநாகரிகம் என்றிருந்த காலம். பெண்களாலும் கடையில் கேட்டு வாங்க முடியவில்லை. சரக்கு விலைபோகவில்லை.

கம்பெனிகள் கிளப்பிவிட்ட தேவை என்கிறீர்கள். முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுப்போட, கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து ஒரு பொருளைத் தயாரித்தது. பஞ்சைவிட அதிகமாக ஈரத்தை உறிஞ்சும், விலையும் குறைவு. அதை மாதவிலக்குக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுகொண்டவர்கள் போர்க்காலச் செவிலியர்கள். கம்பெனி அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. 1920-இல் ‘கோடெக்ஸ்’ பிறந்தது. அப்போதும் கூச்சம் விடவில்லை. பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பேசாமல் எடுத்துப்போகக் கடைகளில் ஏற்பாடு செய்தார்கள். 1928-இல் ‘மோடெஸ்’ நாப்கினின் விளம்பரத்தோடு ஒரு சீட்டையே அச்சிட்டார்கள். கத்தரித்துக் கடைக்காரரிடம் நீட்டினால் போதும், வாய் திறக்க வேண்டாம்.

நாப்கினைப் பொருத்திக்கொள்ள இடுப்பில் எலாஸ்டிக் பெல்ட், முன்னும் பின்னும் ஊக்கு அல்லது கொக்கி. கறை தெரியாமலிருக்க ரப்பர் பூசிய உள்ளாடை. பாவாடைக்குள் பின்புறம் தொங்கும்படி ரப்பர் துண்டு ஒன்றையும் கட்டிக்கொண்டார்கள். கோடை வெயிலில் அதோடு நாள் முழுக்க வேலை பார்த்தவர்களின் அவதியை எண்ணிப் பாருங்கள். பெல்ட்டே வேண்டாம், உள்ளாடையில் ஒட்டிக்கொள்ளலாம் என்ற ‘ஸ்டேஃப்ரீ’ வர 1969 ஆயிற்று.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது மேரி கென்னரின் கதை. நாப்கின் நழுவாமல், ஈரம் கசியாமல் தாங்கும் உறையோடு கூடிய பெல்ட்டை வடிவமைத்த கறுப்பினப் பெண் அவர். இளமையிலேயே யோசனை இருந்தும் காப்புரிமைக்குக் கட்டப் பணமில்லை. 1956-இல்தான் பெற முடிந்தது. ஒரு நிறுவனம் ஆர்வத்தோடு ஆள் அனுப்பியது. வந்தவர் அவருடைய நிறத்தைப் பார்த்தார். பேச்சு அத்தோடு நின்றது. பூக்கடை நடத்திப் பிழைத்த அவருக்கு அந்தக் கண்டுபிடிப்பால் பணம் சேரவில்லை. இது அப்பட்டமான அநியாயம்.

வியாபாரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. புராக்டர் அண்ட் கேம்பிள் விற்ற ‘ரிலை’ என்ற, அளவுக்கு மீறி உறிஞ்சும் டாம்பன் (மாதவிலக்கின்போது உடலுக்குள் செருகிக்கொள்ளும் உறிஞ்சி), உயிரையே பறிக்கும் நச்சு அதிர்ச்சி நோயோடு தொடர்புபடுத்தப்பட்டு, 1980-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. டாம்பனுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு வெளியே வந்ததே, மருத்துவர்கள் நோயாளிகளிடம் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டதால்தான்.

பாட்டியின் துணிக்கு வருகிறேன். சுத்தமான பருத்தித் துணியில் ஒரு குறையும் இல்லை. சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் எத்தனை வீடுகளில் அதற்கு வெயில் கிடைத்தது? ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று புடவைக்கு அடியிலும் இருட்டு மூலையிலும் ஒளித்துக் காயப்போட்டார்கள். அரைகுறை ஈரத்தோடு மறுபடி கட்டிக்கொண்டார்கள். அரிப்பையும் புண்ணையும் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் ‘காலம் தள்ளினார்கள்’ என்பது இதைத்தான்.

இப்போது வரும் மாதவிலக்கு உள்ளாடையும் துணிதான்: உறிஞ்சும் அடுக்கு, அதற்கடியில் கசிவைத் தடுக்கும் அடுக்கு. துவைத்துத் திரும்பத் திரும்ப அணியலாம். அதையும் நன்றாகக் காயவைத்தே ஆக வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் வாங்கினால், உங்கள் சட்டை காயும் கொடியிலேயே அதற்கும் இடம் கொடுங்கள்.