மூன்றாம் மாதக் கணக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சில்வண்டின் சிறகில் பாக்டீரியா செத்துப்போவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை விடுதி அறையில் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். நான் பதினோரு ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன்.

போன மாதம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். உயிரியல், நானோ தொழில்நுட்பம், பொருளறிவியல், செவிலியம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் போட்டிருந்தார்கள். நானோ அரங்கில் நிற்கக்கூட இடமில்லை. எங்கள் ஆய்வுச் சுவரொட்டிகளைக் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள்.

என் ஆய்வு மிகச் சிறியது. ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில், சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) போட்டிருக்கும் ஒவ்வொருவரின் கேஸ் ஷீட்டிலும் தினமும் காலையில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டினேன். ‘இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?’ அவ்வளவுதான் அதில் எழுதியிருக்கும். குழாய் உடம்பில் இருக்கும் நாட்கள் குறைந்தன. வெள்ளி நானோ துகள் பூசிய குழாயைப் பற்றிப் பேச வந்திருந்த ஓர் ஆய்வு மாணவர் என் சுவரொட்டியைப் படித்துவிட்டு, “இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது சிஸ்டர்?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு சீட்டில் எழுதிய கேள்வியை ஆராய்ச்சி என்று சொல்லலாமா?

இப்படிக்கு,
எஸ்., திருநெல்வேலி

பின்குறிப்பு: ஆய்வு மூன்று மாதம் நடந்தது. மூன்றாம் மாதத்தில் குழாய் இருக்கும் நாட்களின் எண்ணிக்கை பழையபடி ஏறிவிட்டது. அதைப் போட்டால் குழப்பும் என்று சொன்னார்கள். அதனால் சுவரொட்டியில் முதல் இரண்டு மாதங்களை மட்டுமே காட்டினேன்.

*

அன்புள்ள எஸ்.,

கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, பின்குறிப்பில் இன்னொன்று இருக்கிறது. இரண்டாவதுதான் பெரிய கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த மாணவரின் வெள்ளி. வெள்ளிமீது நமக்குப் பழைய நம்பிக்கை உண்டு. குழந்தைக்குப் பால் புகட்ட வெள்ளிச் சங்கு தேடாத பாட்டி குறைவு. அந்த நம்பிக்கையில் பொருளும் இருக்கிறது. வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். ஆய்வுக்கூடத் தட்டில் இது அழகாக நடக்கும். ஆகவே சிறுநீர்க் குழாயில் வெள்ளி பூசினால் தொற்று வராது என்று நினைத்ததில் பிழையில்லை. பல மருத்துவமனைகள் கூடுதல் விலை கொடுத்து அப்படிப்பட்ட குழாய்களை வாங்கவும் செய்தன.

பிரிட்டனில் ராபர்ட் பிக்கார்ட் என்ற சிறுநீரியல் மருத்துவரின் குழு அதைச் சோதித்துப் பார்த்தது. 24 மருத்துவமனைகள், 7,102 நோயாளிகள். சிலருக்குச் சாதாரணக் குழாய், சிலருக்கு வெள்ளிக் கலவை பூசியது, சிலருக்கு நைட்ரோஃபியூரசோன் என்ற மருந்து ஊறியது. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஆறு வாரத்துக்குள் தொல்லை கொடுத்து, ஆன்டிபயாடிக் கொடுக்கவேண்டிய அளவுக்குத் தொற்று வந்தவர்களை எண்ணினார்கள். சாதாரணக் குழாயில் 12.6 சதவீதம், வெள்ளியில் 12.5 சதவீதம். மருந்துக் குழாயில் மட்டும் 10.6. அதுவும் நடைமுறையில் பொருட்படுத்தும் அளவுக்கான வித்தியாசம் இல்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள். லான்செட் மருத்துவ இதழில் 2012இல் வந்தது.

அது உலோகக் கலவைப் பூச்சு, உங்கள் மாணவருடையது நானோ துகள், இரண்டும் ஒன்றல்ல என்று அவர் சொல்லலாம். சரிதான். அவருடைய குழாயும் இப்படி ஏழாயிரம் பேரைத் தாண்டி வரட்டும், பிறகு பேசலாம்.

இதில் நான் வெட்கப்படவேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. நான் எழுதிய சில்வண்டு ஆய்வும் அதே 2012இல்தான் வந்தது. ஆஸ்திரேலியாவில் எலெனா இவனோவாவின் குழு செய்தது. அந்தச் சிறகின் மேல் சுமார் 200 நானோமீட்டர் உயரமுள்ள முளைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மேலே வந்து ஒட்டும் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் தோல் அந்த முளைகளுக்கு நடுவே இழுபட்டுச் சில நிமிடங்களில் கிழிந்துபோகிறது. மருந்தே கிடையாது, வெறும் வடிவம். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே எழுதிவிட்டேன். ஆனால் தடித்த சுவர் கொண்ட பாக்டீரியாக்களை அந்தச் சிறகு அவ்வளவு எளிதில் கொல்வதில்லை என்பதையும், செத்தவற்றின் உடல்கள் முளைகளை மூடிக்கொண்டால் அடுத்து வருபவை மெத்தையில் படுப்பதுபோலப் படுத்துக்கொள்ளும் என்பதையும் நான் எழுதவில்லை. பத்தியின் ஓட்டம் கெடும் என்று தோன்றியது. உங்கள் மூன்றாம் மாதத்துக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்தது.

இனி குழாய்க்கு வருவோம். நீங்கள் நாள்தோறும் கையாளும் பொருள் என்பதால் உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் 1930களில் கொண்டுவந்த வடிவம் இது. நுனியில் ஒரு சிறு பலூன். உள்ளே போனதும் அதில் தண்ணீர் ஏற்றிவிட்டால் குழாய் நழுவாது. சிறுநீர் இறங்கும் துளை பலூனுக்கு மேலே இருப்பதால், பலூனைச் சுற்றிக் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் வடியாமல் தேங்கி நிற்கும். உடம்பின் புரதங்கள் குழாயின் மேல் படலமாகப் படியும். நாட்கள் போகப்போக, புரோட்டியஸ் போன்ற பாக்டீரியா குடியேறினால் யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். அதனால் சிறுநீர் காரத்தன்மை பெற்று, உப்புகள் படிகமாக இறங்கும். உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் கட்டிக்கிடக்குமே, அதேபோல நாட்பட்ட குழாயின் உட்புறம் கட்டிவிடும். அதற்குள் வெள்ளி எங்கே, சில்வண்டு எங்கே? குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா ஏறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது என்பது மருத்துவ நூல்களில் நிலைபெற்றுவிட்ட கணக்கு. ஆக, எந்தப் பொருளால் செய்த குழாய் என்பதைவிட எத்தனை நாள் இருந்தது என்பதுதான் பெரிய விஷயம். உங்கள் சிவப்புச் சீட்டு கைவைத்தது அந்த நாட்களில்தான்.

என் அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் கிடந்தார். நான்காம் நாள் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளுபவர் சிறுநீர்ப் பையைக் கட்டிலிலிருந்து கழற்றி, வழியில் இடிக்காமல் இருக்கட்டும் என்று அப்பாவின் வயிற்றின் மேல் வைத்தார். நான் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். குழாய்க்குள் இருந்த மஞ்சள் நீர் மெதுவாகத் திரும்பி அப்பாவை நோக்கிப் போவதைப் பார்த்தேன். ஏதோ தப்பு என்று தோன்றியது, என்ன தப்பு என்று தெரியவில்லை. எதிரே மருந்துத் தட்டோடு வந்த செவிலியர் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஓடிவந்தார். ஒரு கையால் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் பையைக் கீழே இறக்கி மாட்டினார். “இடுப்புக்கு மேலே போகக்கூடாது, தரையிலும் படக்கூடாது” என்றார். தள்ளுபவரிடமா என்னிடமா என்று தெரியவில்லை.

அன்று மாலை அவரே டியூட்டி டாக்டரிடம், “பெரியவருக்கு இந்தக் குழாய் இன்னும் எதற்கு டாக்டர்?” என்று கேட்டார். டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். அறுவை சிகிச்சை நாளில் போடச் சொன்ன குறிப்பு இருந்தது. எடுக்கச் சொன்ன குறிப்பு எங்கேயும் இல்லை. யாரும் வேண்டுமென்று வைத்திருக்கவில்லை, யாருக்கும் நினைவில்லை. மறுநாள் காலையில் எடுத்துவிட்டார்கள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு நடந்தார்.

இதை ஒரு மருத்துவமனையின் அலட்சியம் என்றுதான் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் சஞ்சய் செயின்ட் என்பவரின் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவில் நான்கு மருத்துவமனைகளில், உங்கள் நோயாளிகளில் யாருக்குச் சிறுநீர்க் குழாய் இருக்கிறது என்று டாக்டர்களிடம் கேட்டிருக்கிறார்கள். குழாய் இருப்பது தெரியாமல் போன இடங்கள் மருத்துவ மாணவர்களில் 21 சதவீதம், பயிற்சி மருத்துவர்களில் 22, அவர்களுக்கு மேலே இருப்பவர்களில் 27, பொறுப்பு மருத்துவர்களில் 38. பதவி ஏற ஏறக் குழாய் கண்ணில் படுவது குறைகிறது. தேவையில்லாமல் போட்டிருந்த குழாய்களில்தான் இந்த மறதி இன்னும் அதிகம். இந்த ஆய்வுக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை. ஒரு கேள்வியும், பதிலைக் குறித்துக்கொள்ள ஒரு தாளும் போதுமாக இருந்தன. அடுத்த முறை அந்த மாணவர் எதிர்ப்பட்டால் இந்த நான்கு எண்களைச் சொல்லிப் பாருங்கள்.

இதே ஆய்வாளர்கள் பிறகு 603 மருத்துவமனைகளில் உங்கள் சீட்டைப் போன்ற ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். தினமும் தேவையா என்று கேட்பது, சுத்தமாகப் போடுவது, வார்டுக்கு வார்டு எண்ணிக்கையைச் சொல்லிக்காட்டுவது, இவ்வளவுதான். சாதாரண வார்டுகளில், குழாய் இருந்த ஒவ்வோர் ஆயிரம் நாளுக்கும் 2.28 என்றிருந்த தொற்று 1.54 ஆக இறங்கியது. ஐ.சி.யூ.க்களில் அசையவே இல்லை. 2016இல் அதை வெளியிட்டபோது ஐ.சி.யூ. தோல்வியைப் பின்குறிப்பில் ஒளித்துவைக்கவில்லை. கட்டுரையின் தொடக்கச் சுருக்கத்திலேயே எழுதினார்கள்.

பின்குறிப்புக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் கடுமையாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டியதற்குக் கோபப்படுகிறீர்கள். நியாயம். ஆனால் நம் செவிலியக் கல்லூரிகளின் ஆய்வேடுகளைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். கேள்வித்தாள் கொடுப்பது, ஒரு மணிநேரம் பாடம் நடத்துவது, அதே கேள்வித்தாளை மறுபடி கொடுப்பது, மதிப்பெண் கூடியது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடும் என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. எதற்கு? கட்டிலில் கிடப்பவருக்கு என்ன ஆனது என்பது அந்த ஏடுகளில் பெரும்பாலும் வருவதே இல்லை. இந்தியாவில் செவிலியப் பட்டப்படிப்பு 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கேள்வித்தாளை விட மனமில்லை. நீங்கள் அதை விட்டுவிட்டு, குழாய் இருந்த நாட்களை எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்ததற்கு அதுதான் காரணம்.

எண்ணிவிட்டு மூன்றில் ஒரு பங்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டீர்கள். குழப்பும் என்று சொன்னவர்கள் உங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள். வெள்ளிக் குழாய் பயன்படவில்லை என்ற முடிவை அந்த பிரிட்டன் குழுவும் இதேபோல மடித்து வைத்திருந்தால், மருத்துவமனைகள் அதை நம்பி இன்னும் காசு கொடுத்துக்கொண்டிருக்கும். முதல் இரண்டு மாதத்தைப் பார்த்தால் சீட்டு பயன்பட்டது என்று மட்டும் தெரிகிறது. அதை ஏற்கெனவே பலர் காட்டிவிட்டார்கள். எப்போது பயன்படாமல் போகிறது என்பது மூன்றாம் மாதத்தில் இருக்கிறது. அது உங்கள் வார்டில் மட்டும் கிடைத்த சரக்கு.

என்ன நடந்திருக்கலாம் என்று நீங்கள் எழுதவில்லை. சீட்டு பழகிப்போய்ச் சுவர்க் காலண்டர்போல ஆகிவிட்டதா? பயிற்சி மருத்துவர்கள் மாறினார்களா? புதிதாக வந்தவரிடம் “எதற்கு டாக்டர்?” என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லையா? அல்லது ஆளே இல்லையா? லிண்டா ஐக்கென் என்ற செவிலிய ஆய்வாளரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வை உங்கள் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஐரோப்பாவில் 9 நாடுகள், 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. குழாயை எடுத்துவிட்டால் பெரியவரைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். இரவில் நான்கு முறை. ஆள் இல்லாத வார்டில் குழாய் இருப்பதுதான் வசதி, இல்லையா? இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

ஆகவே எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். அந்த மூன்று மாதத்துக்கான டியூட்டி ரோஸ்டர் இன்னும் இருக்கும், யாரும் கிழித்துப் போட்டிருக்க மாட்டார்கள். அதை எடுத்து உங்கள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்து அனுப்புங்கள். மூன்றாம் மாதத்தில் அந்த வார்டில் இரவு வேலைக்கு எத்தனை பேர் இருந்தீர்கள்?

அன்புடன்