மறு: பதற்றச் சோதனையில் எண்கள் சிதறுகின்றன
உங்கள் ஆய்வகத்தில் இருப்பவை ஒரே இனம், ஒரே வயதுச் சுண்டெலிகள். இருந்தும் அவை எவ்வளவு பதறுகின்றன என்று அளக்கும் பதற்றச் சோதனையில் எண்கள் தாறுமாறாக வருகின்றன, எலிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், முதலில் அவற்றைக் கூண்டிலிருந்து எப்படி எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் அந்தப் பயமும் சோதனைக்குள் வந்துவிடும். குழாய்க்குள் நுழையவிட்டோ, குவித்த உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் பதற்றம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010-இல் காட்டினார்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயைக் கூண்டுச் சுவரோரமாக வைத்து, எலியை மெல்ல அதன் பக்கம் ஒதுக்குங்கள். தானாகவே உள்ளே போய்விடும். அப்புறம், கூண்டு சுத்தம் செய்பவர்களும் இப்படித்தான் எடுக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நடக்கும் ஆய்வில் பாதியில் மாற்றாமல், அடுத்த தொகுதி எலிகளிலிருந்து தொடங்குங்கள்.